கவிச்சி போகத் துவைப்பது: வேட்டை இறைச்சிப் பைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கொலராடோவில் நான் அடித்த முதல் எல்க் மானைப் பற்றிக் கேட்டால் கதை கதையாகச் சொல்வேன். இரண்டாவது எல்க்கைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் என் மனைவி முந்திக்கொள்வாள்: "லாவண்டர் கறி தின்றோமே, அதுதானே?"

தப்பு எல்க்கின் மேல் இல்லை. முதல் வருடம், அடித்த விலங்கின் கறியைப் போட்டுத் தொங்கவிடும் துணிப் பைகளை, அதாவது இறைச்சிப் பைகளை, ரத்தம் தோய்ந்தபடியே சுடுதண்ணீரில் வாசனை சோப்பு ஊற்றி மெஷினில் போட்டேன். ட்ரையரில் மணத்தாள் ஒன்றையும் சேர்த்துப் போட்டு உலர்த்தி, மடித்து வைத்துவிட்டேன். அடுத்த செப்டம்பரில் அதே பைகளுக்குள் பின்னந்தொடைகள் இரண்டு நாள் தொங்கின. பையிலிருந்த மணமெல்லாம் கறியின் கொழுப்பில் ஏறிவிட்டது. மிளகு, சோம்பு, கறிவேப்பிலை எதைப் போட்டும் அது அடங்கவில்லை. இத்தனைக்கும் பையில் இருந்த கறை போயிருந்ததா என்றால், அதுவும் இல்லை. பழுப்பாக வெந்து, துணியோடு துணியாகிவிட்டிருந்தது.

அப்புறம்தான் புரிந்தது. வேட்டைக் கடையில் தோட்டாவுக்கும் கத்திக்கும் பக்கத்தில் தொங்குவதால் இந்தப் பையை வேட்டைச் சாமான் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இது சமையலறைத் துணி. இட்லித் துணியை என்ன செய்வோம்? இட்லி எடுத்த கையோடு பச்சைத் தண்ணீரில் அலசுவோம், வாசனை சோப்பைக் கிட்டே விடமாட்டோம், ஈரத்தோடு மடித்து வைக்கமாட்டோம். இறைச்சிப் பைக்கும் அதே ஒழுங்குதான். அளவும் அழுக்கும் மட்டும் பெரிது.

இது அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகிறவர்களுக்கான வழிகாட்டி. இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையின் வேலை என்ன?

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். அதை முழுதாக யாரும் தூக்கிவர முடியாது. விழுந்த இடத்திலேயே தோலுரித்து, நாலு கால்களையும் தனித்தனியாகப் பிரித்து, முதுகுக் கறியையும் சில்லறைக் கறியையும் சேர்த்து, நாலைந்து பைகளில் போட்டு, முதுகில் சுமந்து வண்டிக்கு வர வேண்டும். பின்னங்கால் ஒன்றே எலும்போடு 25, 30 கிலோ இருக்கும். பல நடை ஆகும். அதுவரை மிச்சக் கறி மரக்கிளையில், நிழலில் தொங்கும்.

அந்த நேரத்தில் பை மூன்று வேலை செய்கிறது. ஈயைத் தடுக்கிறது. மண், பைன் ஊசி, முடி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், காற்றை உள்ளே விடுகிறது. காற்றுப் பட்டால் கறியின் மேற்பரப்பு காய்ந்து மெல்லிய பொருக்கு கட்டும். உள்ளே இருக்கிற சூடும் வெளியேறும். இறைச்சியை எவ்வளவு சீக்கிரம் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவருகிறோமோ அவ்வளவு நல்லது. எல்க் போன்ற பெரிய விலங்கில் இடுப்பு மூட்டைச் சுற்றித்தான் கறி முதலில் கெடும், ஏனென்றால் சூடு அங்கேதான் கடைசிவரை தங்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். துணியின் கண்களைக் காய்ந்த ரத்தமும் கொழுப்பும் அடைத்திருந்தால், அது பாதி பிளாஸ்டிக் பை. துணியை மிருதுவாக்கும் திரவங்களும் மணத்தாள்களும் இழைகளின் மேல் மெழுகுபோல ஒரு படலத்தை விடுகின்றன. அதுவும் இதே கெடுதலைத்தான் செய்யும். நன்றாகத் துவைப்பது வாடைக்காக மட்டுமில்லை, அடுத்த வருடத்துக் கறி கெடாமல் இருப்பதற்காகவும்தான்.

உங்கள் பை எந்தத் துணி?

துவைக்கும் முறை துணியைப் பொறுத்து மாறும் என்பதால் முதலில் உள்தையலில் இருக்கும் லேபிளைப் பாருங்கள்.

வலைபோல நெகிழும் மெல்லிய பருத்திப் பை மலிவாகக் கிடைக்கும். அது ஒருமுறைப் பை. இழுபட்டால் கண் பெரிதாகி, ஈ அதன் வழியே முட்டையிட்டுவிடும். அதைத் துவைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

கெட்டிப் பருத்தி பல வருடம் உழைக்கும். கொதிக்க வைக்கலாம், பிளீச் தாங்கும், வெயில் தாங்கும். கனமானது, மெதுவாகக் காயும், ஈரத்தோடு விட்டால் பூஞ்சை பிடிக்கும். வண்டி பக்கத்திலேயே வரும் முகாம் என்றால் இன்றைக்கும் எனக்கு இதுதான் பிடிக்கும்.

பாலியஸ்டர், நைலான் பைகள் எடை குறைவு, சீக்கிரம் காயும், முதுகில் சுமந்து போகிறவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் பாலியஸ்டருக்கு எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு, வாடையையும்தான். நைலானுக்கு பிளீச் ஆகவே ஆகாது, மஞ்சளித்து இற்றுப்போகும். இரண்டுக்கும் அதிகச் சூடு கூடாது.

சலவை காட்டிலேயே தொடங்குகிறது

பையில் அழுக்குச் சேராமல் பார்த்துக்கொள்வது பாதிச் சலவைக்குச் சமம். தோலுரித்த காலை நேராகப் பையில் திணிக்காமல், ஐந்து நிமிடம் கிளையில் தொங்கவிட்டு வடியவிடுங்கள். கறியில் ஒட்டியிருக்கும் முடியைக் கையால் எடுத்துவிடுங்கள். பையைத் தரையில் இழுக்காதீர்கள்.

கறியை வெட்டி ஃப்ரீசரில் போட்ட பிறகு, களைப்பில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. காலிப் பைகளைச் சுருட்டி, குப்பைப் பையில் கட்டி, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று கராஜில் போடுவது. நாலு நாள் கழித்துத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அன்றைக்கே துவைக்க முடியாவிட்டால் உதறி நிழலில் காயவிடுங்கள். அதுவும் முடியாதா? பைகளை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையில் மூடி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். உறைந்த ரத்தம் கெடாது, கறையும் துணியில் காய்ந்து பிடிக்காது. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் அன்று எடுத்ததுபோலவே இருக்கும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருடைய ஃப்ரீசரில் கறியை விடப் பைதான் அதிகம் இருக்கும்.

முகாமுக்குப் பக்கத்தில் ஓடை இருக்கிறதே என்று அதில் போட்டு அலசாதீர்கள். காட்டில் எதைக் கழுவுவதானாலும் நீர்நிலையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் தள்ளிப்போய்த்தான் கழுவ வேண்டும் என்பது அமெரிக்கக் காடுகளில் நடப்பவர்கள் மதிக்கும் ஒழுங்கு. வாளியில் தண்ணீர் எடுத்துவந்து அலசலாம்.

உதறுவது, முடி எடுப்பது

வீட்டுக்கு வந்ததும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காட்டு விலங்கின் ரத்தத்தில் என்ன இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோஸ்டோன் வட்டாரத்து எல்க் மந்தைகளில், மனிதருக்கும் தொற்றக்கூடிய புருசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் இருப்பது தெரிந்த விஷயம். முயலில் துலரீமியா என்ற இன்னொரு தொற்றுநோய் வரும், காட்டுப் பன்றியிலும் புருசெல்லோசிஸ் வரும். கையில் கத்திக்கீறல் இல்லாமல் யாரும் வேட்டையிலிருந்து திரும்புவதில்லை.

வேட்டை உரிம அட்டையைப் பையோடு கட்டியிருந்தால் அவிழ்த்து எடுத்துவிடுங்கள். பிறகு பையை உள்வெளியாகத் திருப்புங்கள். எல்க், மான் இரண்டின் முடியும் உள்ளே குழலாக இருக்கும், தொட்டால் உடையும். உடைந்த துண்டுகள் தையல் மூலைகளில் ஊசியாகச் செருகிக்கொள்ளும். நனைந்த பிறகு அவை பசைபோல ஒட்டும் என்பதால் காய்ந்திருக்கும்போதே கெட்டித் தூரிகையால் தேய்த்து உதறுங்கள். மிச்சத்தை அகலமான ஒட்டு நாடாவால் ஒற்றி எடுக்கலாம். ரத்தத்தோடு ஒட்டிக் காய்ந்த முடியை இப்போது பிய்க்க வேண்டாம், ஊறிய பிறகு தானே வரும்.

பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர், மறுபடியும் பச்சைத் தண்ணீர்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் எளிது.

முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடான கல்லில் ஊற்றினால் என்ன ஆகும்? கண்ணாடிபோல இருந்தது வெள்ளையாகக் கட்டிப்போகும், திரும்பக் கரைக்க முடியாது. ரத்தத்தில் இருப்பதும் புரதம்தான். கறியிலிருந்து வடியும் சிவப்புச் சாறு பெரும்பாலும் ரத்தமே இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறமி கலந்த நீர். அதுவும் புரதமே. சுடுதண்ணீர் பட்டால் இரண்டும் இழைகளுக்குள்ளேயே வெந்து கட்டிப்போகும். என் முதல் வருடத்துப் பழுப்புக் கறை அப்படி வந்ததுதான். வீட்டில் பெண்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். நான்தான் 35 வயதில் கற்றுக்கொண்டேன்.

ஹோஸ் பைப்பால் முதலில் பீய்ச்சுங்கள். கறை படிந்த பக்கத்தில் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். மறுபக்கத்திலிருந்து அடித்து வெளியே தள்ள வேண்டும். பின் 5 காலன் வாளியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, ஒரு வாளிக்கு ஒன்று அல்லது இரண்டு பை என்று அமுக்கி வையுங்கள். அரை மணி நேரம் கழித்து மாவு பிசைவதுபோல நாலு முறை கசக்கி, பிழிந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். முதல் தண்ணீர் சிவப்பாக வரும், இரண்டாவது ரோஸ் நிறத்தில், மூன்றாவது வெளிறி. தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாகும்வரை மாற்றுங்கள். எனக்குப் பொதுவாக நாலு தண்ணீர் ஆகும். சிலர் ஒரு கைப்பிடி உப்புப் போடுவார்கள். போட்டாலும் தப்பில்லை, போடாவிட்டாலும் குறையில்லை.

இரவு முழுக்க ஒரே தண்ணீரில் விட்டுவிடாதீர்கள், அதிலும் வெதுவெதுப்பான கராஜில். ரத்தத் தண்ணீர் கிருமிக்கு விருந்து. விடியும்போது கறை குறைந்திருக்கும், நாற்றம் கூடியிருக்கும்.

கொட்டும் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். காய்கறிப் பாத்திக்கு உரமாகுமே என்ற ஆசை எனக்கும் வந்தது. நாய்கள், ரக்கூன்கள், கரடிகள் எல்லாம் அந்தப் பாத்தியைத் தேடி வரும்.

என்சைம் ஊறல்

இப்போது சோப்பு. கடையில் எடுக்கும்போது இரண்டே விஷயம் பாருங்கள்: வாசனை, சாயம் எதுவும் சேராததாக இருக்க வேண்டும், உட்பொருள் பட்டியலில் புரோட்டியேஸ் அல்லது சப்டிலிசின் என்ற சொல் இருக்க வேண்டும். அது புரதத்தை நறுக்கும் என்சைம். லைப்பேஸ் சேர்ந்திருந்தால் கொழுப்பையும் நறுக்கும்.

கை வெதுவெதுப்பு என்போமே, அந்தச் சூட்டில், 35 டிகிரி வாக்கில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பைக் கலந்து பையை இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். கறை பழசாக இருந்தால் ராத்திரி முழுக்க விடலாம். அதிகச் சூட்டில் என்சைம் செத்துப்போகும், பிளீச் பட்டாலும் அதே கதிதான். இந்த வாளிக்குள் பிளீச்சைச் சேர்ப்பது காசைக் கொடுத்து வாங்கிய என்சைமைக் காசு கொடுத்துக் கொல்வது.

ஊறிய பிறகும் நிற்கும் கறையில் அதே சோப்பைச் சொட்டாக விட்டு, மெதுவான தூரிகையால் வட்டமாகத் தேயுங்கள். வெள்ளைப் பருத்தியாக இருந்தால் மருந்துக் கடையில் பழுப்பு பாட்டிலில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாம். நுரைத்து வரும், ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் அதை உடைத்து ஆக்சிஜனை வெளியேற்றுவதால் வரும் நுரை அது. ஆரஞ்சு நிறப் பைகளில் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள், வெளுக்கக்கூடும்.

கறை முழுக்கப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மங்கலான நிழல் மட்டும் மிஞ்சினால் அதனால் கேடில்லை. கையில் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால்தான் அங்கே இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

கொழுப்புக்கு இப்போதுதான் சூடு

எல்க் கொழுப்பைத் தின்றவர்களுக்குத் தெரியும், ஆறினால் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். அது கெட்டியான கொழுப்பு. பச்சைத் தண்ணீரில் அசையாது. முதலில் புரதத்துக்குக் குளிர்ச்சி, பிறகுதான் கொழுப்புக்குச் சூடு. இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் பாழ்.

புரதம் போன பையை, கை பொறுக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் வாசனையற்ற திரவம் இரண்டு தேக்கரண்டி விட்டுக் கசக்குங்கள். தையல் ஓரம், அடிமூலை, கயிறு ஓடும் மடிப்பு ஆகிய மூன்று இடங்களிலும் கொழுப்பு ஒளிந்திருக்கும். வெளுப்பு தேவைப்பட்டால் ஆக்ஸிகிளீன் வகை ஆக்சிஜன் தூளை வாசனையில்லாததாகப் பார்த்து இந்தச் சூடான தண்ணீரில் சேர்க்கலாம்.

போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பருத்தியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் சரி, தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் கொழுப்பு இருக்கிறது. பாலியஸ்டர், நைலான் பை என்றால், காய்ந்த பிறகு துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். புதுப் பையில் எவ்வளவு எளிதாக மூச்சுப் போனதோ அவ்வளவு போக வேண்டும்.

மெஷின்

மெஷின் கடைசி அலசலுக்குத்தான். கயிறுகளை முடிச்சுப் போட்டு, பைகளை வலைப் பையில் அடைத்து, மென்மைச் சுழற்சியில், வழக்கத்தில் பாதி சோப்புடன், ஒரு அலசல் கூடுதலாக வைத்து ஓட்டுங்கள். வீட்டுத் துணியோடு சேர்க்க வேண்டாம். முடிந்ததும் காலி மெஷினை ஒருமுறை சூடான தண்ணீரில் ஓட்டிவிடுங்கள். பொதுச் சலவைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுத்து யாரோ ஒருவர் அதே மெஷினில் குழந்தைத் துணியைப் போடப்போகிறார். அதோடு, முன்பு போட்டவருடைய மணமும் உங்கள் பைக்கு வந்துசேரும்.

பிளீச் வேண்டுமா?

என் வழக்கம்: கெட்டுப்போன கறி, கிழிந்த குடல், பூஞ்சை இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மட்டும். மற்றபடி நல்ல சலவையும் முழு உலர்ச்சியும் போதும்.

உணவு படும் பரப்புகளுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு, ஒரு காலன் தண்ணீருக்கு வாசனையற்ற திரவ பிளீச் ஒரு மேசைக்கரண்டி. நான் பைக்கும் அதே அளவுதான் எடுக்கிறேன். பருத்தி, பாலியஸ்டர் பைகளைச் சில நிமிடம் அதில் அமுக்கி எடுத்து, வாடை போகும்வரை அலசுங்கள். நைலானில், நெகிழ் இழை கலந்த துணியில், ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளில் பிளீச் படக்கூடாது. கெட்டிப் பருத்திக்கு பிளீச்சே வேண்டாம், ஒரு பழைய அண்டாவில் 10 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். கறை போன பிறகுதான், முன்னால் அல்ல.

பிளீச்சோடு வினிகரைச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். அம்மோனியாவோடும் சேர்க்காதீர்கள். விலங்கின் சிறுநீர் பட்ட பையில் அம்மோனியா இருக்கும், அலசாமல் நேராக பிளீச்சில் போட்டால் நச்சு வாயு கிளம்பும்.

கவிச்சி இன்னும் போகவில்லையா?

ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு கிண்ணம் வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். வினிகர் வாடை காயும்போது தானே போய்விடும். சமையல் சோடா கரைத்த தண்ணீரும் நல்லது. இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு நுரைதான் மிஞ்சும். ஒன்று முடித்து மற்றது.

ஊரில் கவிச்சிக்கு மஞ்சள் போடுவோமே என்று ஒரு நண்பர் கேட்டார். கறிக்குப் போடுங்கள். பைக்குப் போட்டால் அடுத்த பத்து வருடம் அது மஞ்சள் பைதான்.

அலாஸ்காவில் பலர் ஈயைத் தடுக்கவும் கிருமி வளர்ச்சியைக் குறைக்கவும் சிட்ரிக் அமிலக் கரைசலைக் கறியின் மேல் தெளிக்கிறார்கள். அப்படிச் செய்திருந்தால் அந்தப் பைகளைக் கூடுதலாக இரண்டு தண்ணீர் அலசுங்கள். அமிலம் தங்கினால் பருத்தி இழை நாளடைவில் நைந்துபோகும்.

உலர்த்துவது

பாதி உழைப்பு இங்கேதான் வீணாகிறது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும். கயிறு ஓடும் மடிப்பும் இரட்டைத் தையலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். மடித்து வைத்த மூன்றாம் வாரம் கரும்புள்ளிகள் தோன்றும். பையின் வாயை அகலத் திறந்து, தலைகீழாக, இரண்டு கிளிப்பில் மாட்டுங்கள். பாதியில் உள்வெளி மாற்றுங்கள். காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு நாள் விடுங்கள்.

பருத்திக்கு வெயில் நல்லது, வாடையையும் எடுக்கும், கறையையும் வெளுக்கும். நைலானை நாள்கணக்கில் வெயிலில் போடாதீர்கள், புற ஊதாக் கதிர் இழையைத் தின்றுவிடும். நிழலும் காற்றும் போதும். ட்ரையரில் போட்டே ஆக வேண்டுமென்றால் சூடில்லாத அல்லது குறைந்த சூட்டில், மணத்தாள் இல்லாமல். கறை மிச்சமிருக்கும் பையை ட்ரையரில் போடவே கூடாது. சூடு பட்ட கறை அப்புறம் போகாது.

எங்கே காயப்போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். இலையுதிர் காலத்தில் கொலராடோவின் கருங்கரடிகள் குளிர்காலத் தூக்கத்துக்காக ஒரு நாளில் 20 மணி நேரம் வரை தின்றுகொண்டிருக்கும். 20,000 கலோரி வரை உள்ளே தள்ளும். எல்க் பருவமும் அதே செப்டம்பர், அக்டோபர்தான். முழுக்கத் துவைக்காத பையைப் பின்கட்டில் தொங்கவிடுவது கரடிக்குப் பந்தி விரிப்பது. துவைத்து முடிக்கும்வரை பைகள் எல்லாம் கராஜுக்குள், கதவை மூடி.

பார்வையிடுதல், தைத்தல், வைத்தல்

காய்ந்த பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விளக்கைப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் ஓட்டை நட்சத்திரமாகத் தெரியும். பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் பிண ஈக்கு ஒரு சின்ன இடைவெளி போதும். அரிசிக் குருணைபோலக் கொத்தாக முட்டையிட்டுவிடும், வெதுவெதுப்பான வானிலையில் ஒரே நாளில் புழு வெளிவரும். எலும்பு முனை குத்திய ஓட்டைகளை பாலியஸ்டர் நூலால் நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். அடித்தையலையும் கயிறு மடிப்பையும் இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். 30 கிலோ எடையைக் காட்டுக்குள் தாங்கப்போவது அந்தத் தையல்தான்.

பைகளைச் சுருட்டாமல் தளர மடித்து, ஒரு சுத்தமான பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு, வீட்டுக்குள் உலர்ந்த அலமாரியில் வையுங்கள். பெட்ரோல் டின், பெயின்ட், துப்பாக்கி எண்ணெய் இவற்றின் பக்கத்தில் வேண்டாம். அந்துருண்டை கூடவே கூடாது. லாவண்டர் கறியாவது பரவாயில்லை என்று ஆகிவிடும்.

சி.டபிள்யூ.டி. பகுதியில் அடித்த விலங்கு

இந்த ஒரு விஷயத்தில் துவைப்பதால் பயன் இல்லை. மான் இனங்களின் மூளையைத் துளைத்துச் சீரழிக்கும் சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease) நோயை முதன்முதலில் கவனித்தது 1967இல், கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மியூல் மான்களில். 1981இல் காட்டு எல்க்கிலும் கண்டார்கள். காரணம் கிருமி அல்ல, பிரையான் என்ற உருக்குலைந்த புரதம். கொதிநீர், சோப்பு, மேலே சொன்ன மெல்லிய பிளீச் எதற்கும் அது மசியாது. மொன்டானாவில் உள்ள ராக்கி மவுன்டன் ஆய்வகத்தினர் 2019இல், வீட்டு பிளீச்சை 40 சதவீதக் கரைசலாக்கி அதில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் எஃகின் மேல் இருக்கும் பிரையான் செயலிழக்கிறது என்று காட்டினார்கள். அது கத்திக்கு உதவும். திசுத் துணுக்குகளுக்குள் பிளீச் புகுவதில்லை, அந்த அடர்த்தியில் பையும் மிஞ்சாது.

மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை ஆதாரம் இல்லை. ஆனாலும் நோய் உறுதியான விலங்கின் கறியைத் தின்ன வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. எனவே அப்படிப்பட்ட பகுதியில் ஒரு விலங்குக்கு ஒரு செட் பை என்று வைத்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள். பரிசோதனை முடிவு வரும்வரை பைகளை மூடி ஃப்ரீசரில் வையுங்கள். நோய் இல்லை என்றால் எடுத்து வழக்கம்போலத் துவையுங்கள். உண்டு என்றால் கறியோடு பையும் போகட்டும். உங்கள் மாநில வனவிலங்குத் துறை சொல்லும் முறைப்படி இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கைவிட்ட பையை மீட்க முடியுமா?

போன வருடம் காய்ந்து மரப்பட்டையாகிவிட்ட பை என்றால், அது சூடு படாதவரை நம்பிக்கை உண்டு. முதலில் ஒரு நாள் பச்சைத் தண்ணீர், நாலைந்து முறை மாற்றி. பிறகு இரண்டு ராத்திரி என்சைம் ஊறல், ஒவ்வொரு முறையும் புதுச் சோப்புத் தண்ணீரில். ஈ முட்டை ஒட்டியிருந்தால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிய பிறகு ஊறவையுங்கள். வெந்துபோன கறை போகாது. சொரசொரப்பு இல்லையென்றால் அப்படியே பயன்படுத்தலாம். கரும்பூஞ்சை இழைக்குள் ஊறியிருந்தாலோ, துவைத்துக் காய்ந்த பிறகும் கவிச்சி அடித்தாலோ, இழுத்தால் துணி பிரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். நூறு கிலோ கறிக்கு முன்னால் ஒரு பையின் விலை பெரிதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஆகஸ்டு கடைசி வாரம் ஒரு சடங்கு உண்டு. தலையணை உறையிலிருந்து பைகளை எடுத்து, ஒவ்வொன்றாக மனைவியிடம் கொடுப்பேன். அவள் முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்ப்பாள். ஒன்றும் அடிக்கவில்லை என்றால் வண்டிக்குப் போகும். ஏதாவது அடித்தால், அது லாவண்டராகவே இருந்தாலும், திரும்ப வாளிக்கு.